டின் மத்தி: டின்னைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தட்டில் வைப்பது வரை

மத்தி டின்னைத் திறந்ததும் பலர் முதல் வேலையாக எண்ணெயை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். அடுத்துத் தோலை உரிக்கிறார்கள். பிறகு மீனை இரண்டாகப் பிளந்து நடுமுள்ளைப் பிடுங்கி எறிகிறார்கள். மிச்சமிருக்கும் சதையில் புரதம் இருக்கிறது, பி12 இருக்கிறது. ஆனால் கால்சியத்தில் பெரும்பகுதி முள்ளோடு குப்பைக்குப் போய்விட்டது. ஒமேகா-3 கொழுப்பிலும் வைட்டமின் டி-யிலும் ஒரு பங்கு தோலோடும் எண்ணெயோடும் போய்விட்டது. வெறும் புரதம்தான் வேண்டுமென்றால் அதற்கு முட்டையே போதும். மத்தியை எதையும் வீணாக்காமல், முகம் சுளிக்காமல், ருசித்துச் சாப்பிடுவது எப்படி என்று பார்ப்போம்.

உள்ளே இருப்பது எந்த மீன், எப்படி வெந்த மீன்?

மத்தி என்று விற்கப்படும் டின்களில் ஒரே மீன் இருப்பதில்லை. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் அமைப்பின் டின் மத்தித் தரம் இருபதுக்கும் மேற்பட்ட மீன் இனங்களை அனுமதிக்கிறது. ஐரோப்பிய மத்தி, பசிபிக் மத்தி, சார்டினெல்லா, ஸ்ப்ராட் எனப்படும் விரல் நீள மீன் எல்லாம் இதில் அடக்கம். யார் எந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதில் பெரு நாட்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வழக்கே நடந்து, 2002-இல் உலக வர்த்தக அமைப்பு பெருவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சாப்பிடுகிறவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இனம் மாறினால் அளவும் கொழுப்பும் சதையின் இறுக்கமும் மாறும். ஒரு டின் பிடிக்கவில்லை என்பதற்காக மத்தியே பிடிக்காது என்று முடிவுகட்ட வேண்டாம்.

தயாரிப்பு முறை எளிமையானது. தலையையும் குடலையும் நீக்கிய மீனை உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைக்கிறார்கள். பிறகு ஆவியில் வேகவைத்தோ, எண்ணெயில் பொரித்தோ, புகையில் வாட்டியோ ஈரத்தைக் குறைக்கிறார்கள். டின்னில் அடுக்கி எண்ணெயோ சாஸோ ஊற்றி, காற்றுப் புகாமல் மூடியை மடித்து அடைத்து, பெரிய பிரஷர் குக்கர் போன்ற கொப்பரையில் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். அந்த வெப்பத்தில் கிருமிகளும் புழுக்களும் சாகின்றன. முள்ளும் அப்போதுதான் மெத்தென்று ஆகிறது. ஆகவே டின்னுக்குள் இருப்பது முழுக்க வெந்த மீன். கெடாமல் இருப்பதற்குத் தனியாக ரசாயனம் எதுவும் தேவையில்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் சமையலில் நடக்கும் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம்.

ஒரு டின்னில் என்ன கிடைக்கிறது?

தட்டையான நீள்சதுர டின் வழக்கமாக 125 கிராம் இருக்கும். எண்ணெயை வடித்தால் சுமார் 90 கிராம் மீன். அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணைப்படி, எண்ணெயில் அடைத்து முள்ளோடு வடித்தெடுத்த அட்லாண்டிக் மத்தி 90 கிராமில் ஏறத்தாழ 190 கலோரி, 22 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு, 340 மில்லிகிராம் கால்சியம், 2.6 மில்லிகிராம் இரும்பு, 8 மைக்ரோகிராம் பி12, 4 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வைட்டமின் டி, 47 மைக்ரோகிராம் செலினியம் இருக்கின்றன. ஒமேகா-3 வகையில் முக்கியமான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து 0.9 கிராம் அளவுக்கு வரும்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 2.4 மைக்ரோகிராம். ஒரே டின்னில் மூன்று நாள் தேவைக்கு மேல் கிடைத்துவிடுகிறது. கால்சியம் ஒரு பெரிய குவளைப் பாலில் இருக்கும் அளவு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய விஷயம். கால்சியத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி வேண்டும், அதுவும் இதே மீனில் கூடவே வருகிறது. முள் நீக்கிய டின்னை வாங்கினால் கால்சியக் கணக்கு சரிந்துவிடும்.

ஒமேகா-3-க்கு வருவோம். ஆளி விதை, வால்நட் போன்றவற்றில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடல் அதை இ.பி.ஏ.-வாகவும் டி.எச்.ஏ.-வாகவும் மாற்றும் அளவு மிகக் குறைவு. மீனில் அவை நேரடியாகவே இருக்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குப் போதுமானதாகச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். வாரத்துக்கு இரண்டு டின் என்றால் சுமார் 1.8 கிராம்; ஏழால் வகுத்தால் ஏறக்குறைய அதே 250. அமெரிக்க இதயச் சங்கம் சொல்லும் ‘வாரம் இரண்டு முறை மீன், அதிலும் கொழுப்பு மீன்’ என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. தினமும் ஒரு டின் என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. இரண்டு டின்னை வாரந்தவறாமல் சாப்பிட்டாலே போதும்.

இதற்காக டின் மத்தியை மருந்தாக்கிவிடக் கூடாது. ஒமேகா-3 ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. மீன் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தட்டில் பதப்படுத்திய இறைச்சி இருந்த இடத்துக்கு மத்தி வந்தால் லாபம் அதிகம். ஏற்கெனவே சாப்பிடுவதன் மேல் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தால் கலோரிதான் ஏறும்.

பாதரசம் பற்றிய பயத்துக்கு இங்கே இடமில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீடுகளில் மத்தியின் சராசரி 0.013 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு); டின் அல்பாகோர் சூரையில் 0.35, வாள்மீனில் கிட்டத்தட்ட 1. மத்தி மிதவை உயிரிகளைத் தின்று, சில ஆண்டுகளே வாழும் சின்ன மீன். பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்றுதின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. மத்திக்கு அதற்கு வழியே இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம் என்று அதே நிர்வாகம் சொல்லும் மீன்களின் பட்டியலில் மத்தியும் உண்டு.

கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு டின்னில் 300 முதல் 450 மில்லிகிராம் சோடியம் சாதாரணமாக இருக்கும். சாஸ் வகைகளில் இன்னும் ஏறலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்பு 2,000 மில்லிகிராம். சில நாட்டு லேபிள்கள் சோடியம் என்று போடும், சில உப்பு என்று போடும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு டின்களை ஒப்பிட்டால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

யார் யோசித்துச் சாப்பிட வேண்டும்?

கீல்வாத வகையில் யூரிக் அமிலம் கூடும் ‘கவுட்’ உள்ளவர்களுக்கு மத்தி ஆகாது. அதில் பியூரின் அதிகம்; அது உடலில் யூரிக் அமிலமாக மாறி வலியைக் கிளப்பிவிடும். சிறுநீரக நோய்க்கு உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இதிலுள்ள பாஸ்பரஸ், சோடியம் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று ஹிஸ்டமின். பிடித்த மீன் குளிரூட்டாமல் கிடந்தால் பாக்டீரியா அதில் ஒவ்வாமை போன்ற தொந்தரவைத் தரும் இந்தப் பொருளை உண்டாக்கும். டின்னில் அடைத்துச் சூடேற்றும்போது பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். காசநோய்க்கான ஐசோனியாசிட், மனச்சோர்வுக்கான எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் எடுப்பவர்களுக்கு உடலால் இதைச் சரியாக உடைக்க முடியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டின் மீன் சாப்பிடக் கூடாது. மற்றவர்களும் வாயில் வைத்ததும் மிளகுபோல் சுரீரென்று எரிந்தால் அந்த டின்னை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு ஆகியவை சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வரும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டின்னை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். முதலில் பொருட்பட்டியல். நல்ல டின்னில் மீன், எண்ணெய், உப்பு என்று மூன்றோடு முடிந்துவிடும். எலுமிச்சை, மிளகாய், கிராம்பு சேர்ந்திருந்தால் தவறில்லை. சாஸ் டின்களில் சர்க்கரையும் மாவும் எந்த இடத்தில் வருகின்றன என்று பாருங்கள். பட்டியலில் முன்னால் வருவது அதிகம் இருப்பது.

அடுத்து வடித்த எடை. மொத்த எடை ஒன்றாக இருக்கும் இரண்டு டின்களில் ஒன்றில் 90 கிராம் மீனும் மற்றதில் 75 கிராம் மீனும் இருக்கலாம். மீனுக்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்த எண்தான் முக்கியம்.

மூன்றாவது, எதில் ஊறியிருக்கிறது என்பது. ஆலிவ் எண்ணெயில் அடைத்தது முதல் முறை சாப்பிடுகிறவருக்கும் ஏற்றது: சதை காயாது, எண்ணெயையும் சாப்பிடலாம். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் அடைத்ததும் கெட்டதல்ல. ஆனால் எண்ணெய்க்கென்று ருசி ஏதும் இல்லாததால் அதைப் பயன்படுத்தத் தோன்றாது. தண்ணீரில் அடைத்ததில் கலோரி குறைவு. மீனின் கொழுப்பு தண்ணீரில் கரையாது, அதனால் வடித்தாலும் ஒமேகா-3 பெரும்பாலும் மீனிலேயே நிற்கும். எண்ணெயில் அடைத்ததில் மீன் கொழுப்பு மெல்ல எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெயை எறிந்தால் அதுவும் போகும். எடையைக் குறைக்க நினைத்து எண்ணெய் டின்னை வாங்கி வடிகட்டுவதைவிட தண்ணீர் டின்னையே வாங்குவது புத்திசாலித்தனம். 125 கிராம் டின்னில் இருக்கும் 35 கிராம் எண்ணெய் மட்டுமே 300 கலோரிக்கு மேல். தக்காளி சாஸ் டின் சோற்றுக்கும் ரொட்டிக்கும் நன்றாக இருக்கும், வாசனையும் அடங்கியிருக்கும். ஆனால் மீனின் தனி ருசி அதில் தெரியாது.

நான்காவது, மீனின் அளவு. ஒரு டின்னில் மூன்று நான்கு மீன் இருந்தால் சதைப்பற்றுள்ளது, நடுமுள் தடிமனாகத் தெரியும். பத்துக்கு மேல் சின்ன மீன்கள் இரண்டு அடுக்காக இருந்தால் முள் இருப்பதே தெரியாது. முள் என்றாலே தயங்குகிறவர்கள் இந்தச் சின்ன மீனில் தொடங்கட்டும். புகையூட்டிய ஸ்ப்ராட் டின்கள் இந்த வகைதான். மீன் வாடையைப் புகை மறைத்துவிடும். தோலும் முள்ளும் நீக்கிய டின்னை, வேறு வழியே இல்லையென்றால் மட்டும் வாங்கலாம்.

சில பிரெஞ்சு டின்களில் ‘பழைய முறையில்’ என்ற பொருளில் ஒரு சொற்றொடர் (à l'ancienne) அச்சிட்டிருக்கும். உறைய வைக்காத மீனைக் கையால் சுத்தம் செய்து, எண்ணெயில் பொரித்து அடைத்தது என்று அதற்கு அர்த்தம். ஆவியில் வேகவைத்ததைவிட சதை இறுக்கமாகவும் ருசி ஆழமாகவும் இருக்கும்.

வைத்திருப்பதும் முதிர வைப்பதும்

திறக்காத டின்னுக்கு ஈரமில்லாத, வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளியிருக்கும் அலமாரி போதும். பெரும்பாலான டின்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு வரை தேதி இருக்கும். உறைய வைக்காதீர்கள், உள்ளே இருப்பது விரிந்து விளிம்பு மடிப்பைத் தளர்த்திவிடும்.

ஆலிவ் எண்ணெயில் அடைத்த நல்ல மத்தியை, அடைத்த ஆண்டு பார்த்து வாங்கிச் சேர்த்து வைக்கும் ரசிகர்கள் உண்டு. மாதங்கள் போகப்போக எண்ணெய் சதைக்குள் இறங்கும், முள் இன்னும் மெத்தென்றாகும், உப்பின் கூர்மை மழுங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை டின்னைத் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் எண்ணெயில் ஊறும். ஆசையிருந்தால் ஒரே வகையில் இரண்டு டின் வாங்கி, ஒன்றை இப்போதும் மற்றதை ஓராண்டு கழித்தும் திறந்து பாருங்கள். தக்காளி சாஸிலோ தண்ணீரிலோ உள்ளதை இப்படி வைப்பதில் பயனில்லை. சாஸின் புளிப்பு நாளாக ஆக சதையைக் குழைத்துவிடும்.

திறக்கும் முன், திறக்கும்போது

1. டின்னைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மூடி உப்பியிருந்தாலோ, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப மேலே வந்தாலோ திறக்காமலே எறியுங்கள். பாட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நச்சு கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாது. ருசி பார்த்து முடிவு செய்வது மிக ஆபத்தான பழக்கம்.

2. நசுங்கலைப் பாருங்கள். நடுவில் ஆழமில்லாத பள்ளம் பரவாயில்லை. விளிம்பு மடிப்பில் நசுங்கல் இருந்தாலோ, கூர்மையாக மடிந்திருந்தாலோ வேண்டாம். துடைத்தால் போகும் துரு பரவாயில்லை. தகரத்தை அரித்த துரு வேண்டாம்.

3. டின்னைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே திறக்காதீர்கள். ஆலிவ் எண்ணெய் குளிரில் வெண்மையாகக் கட்டிப்படும். கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் இருந்தால் தெளிந்துவிடும்.

4. ஒரு தட்டின் மேல் டின்னைச் சமமாக வையுங்கள். வளையத்தை நிமிர்த்தி, ‘டக்’ என்று விளிம்பு உடையும் வரை மேலே தூக்குங்கள். பிறகு மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். கடைசி ஒரு விரல் அகலத்தில்தான் எல்லோரும் வெடுக்கென்று இழுத்துச் சட்டையில் எண்ணெயைத் தெறிக்கவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, மூடியைச் சுருட்டிப் பின்னால் மடித்துவிட்டால் போதும், முழுக்கப் பிய்க்க வேண்டியதில்லை. மூடியின் ஓரம் பிளேடுபோல் அறுக்கும், விரலை உள்ளே விட்டு மீனை எடுக்காதீர்கள்.

5. வளையம் கையோடு வந்துவிட்டதா? விளிம்பு கொஞ்சமாவது உடைந்திருந்தால் அந்த இடைவெளியில் ஸ்பூனின் கைப்பிடியை நுழைத்து நெம்பலாம். உடையவே இல்லையென்றால் சாதாரண டின் கட்டரை மேல் விளிம்பில் வையுங்கள். அடிப்பக்கம் பல டின்களில் மடிப்பு இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். அங்கே கட்டர் பிடிக்காது.

திறந்ததும் ‘ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் நல்லது, வெற்றிடம் இருந்தது என்று அர்த்தம். உள்ளிருந்து திரவம் பீய்ச்சியடித்தால் கெட்டது.

உள்ளே பார்த்துப் பயப்படத் தேவையில்லாத சில உண்டு. மீனின் வயிற்றில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருப்பது சினை, சாப்பிடலாம். மூடியின் உட்புறம் கறுத்திருப்பது மீன் புரதத்தின் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்ததால் வந்த கறை. அரிதாகக் கண்ணாடிச் சில்லு போன்ற படிகம் பல்லில் படும். அது பெரும்பாலும் ஸ்ட்ரூவைட். மீனிலேயே உள்ள மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து டின்னுக்குள் உருவாவது. சூடான வினிகரில் போட்டால் சில நிமிடங்களில் கரையத் தொடங்கும். கண்ணாடி கரையாது. கரையவில்லை என்றால் டின்னைப் பத்திரப்படுத்தித் தயாரிப்பாளரிடம் புகார் செய்யுங்கள்.

முதல் டின்னைச் சாப்பிடும் முறை

சமைக்காமல் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த டின்னின் தரம் தெரியும். ஒரு தட்டையான கரண்டியை மீனுக்கு அடியில் நீளவாக்கில் நுழைத்துத் தூக்குங்கள். முள்கரண்டியால் குத்தினால் நடுவில் உடையும். தட்டில் வைத்து முதுகுப் பக்கம் கத்தி முனையால் லேசாகக் கீறினால் மீன் இரண்டாக விரியும். நடுமுள்ளை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள்: பொடிப்பொடியாக நொறுங்க வேண்டும். நொறுங்கினால் மீண்டும் உள்ளேயே வைத்து மூடிச் சாப்பிடலாம். சுண்ணாம்புபோல் லேசாக மொறுமொறுக்கும், குத்தாது. நொறுங்காமல் வளைந்தால் அந்த முள்ளை எடுத்துவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் முள்ளோடு சேர்த்து முள்கரண்டியால் மசித்தே கொடுக்க வேண்டும்.

மேலே எலுமிச்சை பிழியுங்கள். மீன் வாடைக்குக் காரணம் காற்றில் எளிதில் கலக்கும் அமீன்கள். புளிப்பு அவற்றைப் பிடித்து ஆவியாக விடாமல் கட்டிவிடும். ஒரு டின்னுக்கு இரண்டு டீஸ்பூன் சாறு போதும். சாப்பிடும் நேரத்தில் பிழிய வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே பிழிந்து வைத்தால் சதை வெளுத்து மாவாகிவிடும். பிறகு புதிதாகப் பொடித்த மிளகு. உப்பை மட்டும் சாப்பிட்டுப் பார்க்காமல் போடாதீர்கள். முதல் வாயிலேயே ருசியில்லாமல் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் மீன் மிகவும் குளிர்ந்திருக்கிறது. அறை வெப்பத்தில்தான் கொழுப்பு இளகி ருசி திறக்கும்.

ரொட்டி மேல்

இதற்கு இணையான சேர்க்கை கிடையாது என்பது எங்கள் கட்சி. ஒரு சின்ன வெங்காயத்தைக் காகிதம்போல் மெல்லியதாக நறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கனமான ரொட்டித் துண்டு இரண்டை நன்றாகச் சிவக்க வாட்டுங்கள். மெத்தென்ற ரொட்டி எண்ணெயை உறிஞ்சி நடுவில் பிய்ந்து தொங்கும். சூடாக இருக்கும்போதே வெண்ணெயோ கடுகு விழுதோ ஒரு டீஸ்பூன் தடவி, முழு மீனை வரிசையாக வைத்து, பிழிந்தெடுத்த வெங்காயத்தைத் தூவி, டின் எண்ணெயில் ஒரு டீஸ்பூன் விடுங்கள். வெங்காயத்தைப் பிழியாமல் போட்டால் ரொட்டி நைந்துவிடும்.

முழு மீனைப் பார்த்தாலே ஒதுங்குகிறவர்களுக்குத் தடவும் விழுது. வடித்த மீன் 90 கிராம், அறை வெப்பத்திலுள்ள வெண்ணெய் 40 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், மிளகு. முள்கரண்டியால் மசித்தால் போதும். மிக்ஸியில் ஓட்டினால் சாம்பல் நிறப் பசையாகி வாடை கூடும். வெண்ணெய்க்குப் பதில் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன் சேர்த்தால் கலோரி குறையும். அப்போது எலுமிச்சையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

சூடான சமையலில்

ஏற்கெனவே வெந்த மீன் என்பதை மறப்பதால்தான் இங்கே சொதப்புகிறது. வாணலியில் முதலிலேயே போட்டுக் கிளறினால் பத்து நிமிடத்தில் உதிர்ந்து, காய்ந்து, வீடு முழுக்க வாடை பரவும். மற்ற எல்லாம் தயாரான பின் கடைசியில் மீன். அதுவும் இரண்டு நிமிடம், கிளறாமல், மூடி வைத்து.

இரண்டு பேருக்குப் பாஸ்தா: 200 கிராம் பாஸ்தாவை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் அரைக் கப் எடுத்து வையுங்கள். டின்னின் ஆலிவ் எண்ணெயில் நசுக்கிய பூண்டு மூன்று பல், காய்ந்த மிளகாய் ஒன்று சேர்த்துச் சிறு தீயில் பொன்னிறம் வருமுன் நிறுத்துங்கள். பாஸ்தாவையும் எடுத்துவைத்த தண்ணீரையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டினால் எண்ணெயும் மாவுத் தண்ணீரும் சேர்ந்து பளபளவென்று பூசும். அடுப்பை அணைத்த பிறகு மீனைப் பெரிய துண்டுகளாகப் போடுங்கள். மேலே நெய்யோ எண்ணெயோ விட்டு வறுத்த ரொட்டித்தூள் இரண்டு டேபிள்ஸ்பூன் தூவினால் மொறுமொறுப்புக்குக் குறைவிருக்காது.

தக்காளி சாஸ் டின்னைச் சோற்றோடு சாப்பிட, முதலில் மீனை எடுத்துத் தனியே வையுங்கள். வதக்கிய வெங்காயத்தில் சாஸை மட்டும் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் டின் வாடை போய் சாஸ் கெட்டிப்படும். அதன் மேல் மீனை வைத்து மூடி, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள்.

உருளைக்கிழங்கு வட்டத் தட்டைகளுக்கு வேகவைத்த கிழங்கு 200 கிராம், வடித்த மீன் 90 கிராம், முட்டை பாதி, நறுக்கிய வெங்காயம் இரண்டு டேபிள்ஸ்பூன். தட்டைகள் உடைவதற்கு ஒரே காரணம் கிழங்கின் ஈரம். வெந்த கிழங்கை வடித்தபின் அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு நிமிடம் குலுக்கி ஆவியைப் போக்குங்கள். ஆறிய பிறகு மசித்துக் கலந்து, நான்காகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, அரை மணி நேரம் குளிர வைத்து, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் பொரியுங்கள். ஒரு பக்கம் இறுகும் முன் திருப்பக் கூடாது.

மூடிய டின்னை ஒருபோதும் நெருப்பிலோ கொதிநீரிலோ வைத்துச் சூடாக்காதீர்கள், வெடிக்கும். திறந்த டின்னையும் நேரடித் தீயில் வைக்க வேண்டாம். உள்பூச்சு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மைக்ரோவேவில் உலோகம் என்பதாலேயே ஆகாது.

மிச்சமானால்

திறந்த டின்னிலேயே மிச்சத்தை வைக்காதீர்கள். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மீன் மூழ்கும் அளவுக்கு எண்ணெய் விட்டு, மூடி, 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் மூன்று நாள் வரை சாப்பிடலாம். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை எறிந்துவிடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளில் ஒரு மணி நேரம்தான் கெடு. சுவைக்காகப் பச்சைப் பூண்டைப் போட்டு எண்ணெயில் ஊறவைத்தால் அதை வெளியே வைக்கவே கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பூண்டு இருப்பது பாட்டுலிசக் கிருமிக்கு ஏற்ற இடம்.

மிச்ச எண்ணெய்க்கு நல்ல வேலை: ஒரு டேபிள்ஸ்பூன் டின் எண்ணெய், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் கடுகு விழுது சேர்த்து அடித்து, சூடான உருளைக்கிழங்குத் துண்டுகள் மேல் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதுதான் கிழங்கு அதை உறிஞ்சும்.

காலி டின்னை முதலில் காகிதத்தால் துடைத்து எண்ணெயை எடுத்து, பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி மறுசுழற்சிக்குப் போடுங்கள். கழுவாமல் குப்பைத் தொட்டியில் போட்டால் மறுநாள் காலை சமையலறைக்குள் நுழைய முடியாது. கைவாடைக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோலையே விரல்களில் தேய்த்துக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு, அதன் பிறகு சோப்புப் போடுங்கள்.